தூக்க நோட்டு

என் அண்ணி பத்தொன்பது வருடம் பிறத்தியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். வீட்டின் முன்னறையும் நடு அறையும் குழந்தைகள் காப்பகம், பின்னறையில் நாங்கள். அண்ணன் போன பிறகு நாங்கள் இரண்டே பேர்தான். புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்த நாத்தனாரான எனக்கு அண்ணி கொடுத்த பதவி, உதவியாளர்.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் மூச்சையும் பார்க்க வேண்டும். பார்த்தவுடன் தூக்க நோட்டில் நேரத்துக்கு எதிரே குறி போட்டு, பார்த்தவர் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். உரிமத்தின் விதி அது. அண்ணி வெறுமனே எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. முட்டி வலியோடு குனிந்து, மூக்குக்குக் கீழே புறங்கையை வைப்பாள்.

"கண்ணால பாத்தா போதாதா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"கண்ணை நம்ப முடியாது. கையில சூடு படணும்."

அலாரம் என்று அவளுக்குப் பேர் வைத்தேன். ஆனால், உருளை என்று நாங்கள் கூப்பிட்ட ஐந்து மாதக் குழந்தை ஒருநாள் மூச்சு நின்று நீலம் பாரித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தது அந்தப் புறங்கைதான். உருளை இன்று பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறான்.

குனிந்து நிமிர்ந்து எழுதவும் செய்வது அவளுக்கு முடியாமல் போனதும், பார்ப்பது அவள், எழுதுவது நான் என்று ஆனது. "பாத்துட்டேன், போட்டுக்கோ" என்பாள். அவள் எழுத்தை என் கை போடும். அதுவே தப்பு. அதற்கு மேல் நான் ஒன்று செய்தேன். மதியம் பால் புட்டிகளைக் கழுவுகிற அவசரத்தில் ஓடி ஓடி எழுதச் சலிப்பாக இருந்ததால், காலையிலேயே மூன்றரை மணி வரைக்கும் குறி போட்டு வைத்துவிடுவேன். அவள் குரல் கொடுத்தால் கழுவுகிற இடத்திலிருந்தே "போட்டாச்சு அண்ணி" என்பேன். மூன்று மாதமாக நடந்தது இந்தத் திருட்டு. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உரிமம் புதுப்பிக்கிற வருடம் வந்தது. மருத்துவச் சான்று, முப்பது மணி நேரப் பயிற்சி, முதலுதவித் தேர்வு எல்லாவற்றையும் ஐம்பத்தெட்டு வயதில் ஒவ்வொன்றாக முடித்தாள். தேர்வில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே "எந்திரி ராஜா, எந்திரி" என்று அழுதே விட்டாளாம். பாக்கி இருந்தது ஆய்வு மட்டும்.

ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் மதியம் ஒன்றரைக்கு வந்தார். சின்ன வயதுப் பெண், கடுமையான ஆளும் இல்லை. கதவிடுக்கு, மின்சாரப் பிளக்கு, மருந்துப் பெட்டி எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாகத் தூக்க நோட்டைத் திறந்தார்.

"இப்ப மணி என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்னே முக்கால்."

"மூணரைக்கு ஆறு பிள்ளைங்களும் நல்லா மூச்சு விட்டதா இதுல இருக்கே."

அவர் அண்ணியிடம் திரும்பி நிதானமாகவே சொன்னார்: "உதவியாளர் எழுதினதுன்னா அவங்க பேரைத் தடைப் பட்டியல்ல சேர்த்துட்டு, உங்களுக்கு எச்சரிக்கையோட புதுப்பிச்சுடலாம். நீங்களே எழுதினதுன்னா வழியில்லை. யாரு எழுதினது?"

அண்ணி பக்கத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்து "போட்டாச்சு" அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாம்மா" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"என் எழுத்துதானே இருக்கு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்னே முக்கால் ஆயிடுச்சு, ஒரு நிமிஷம்" என்று சுவரைப் பிடித்து எழுந்து போய், ஆறு பாயிலும் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவள் முடித்து வரும்வரை ஆய்வாளர் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு எழுதினார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது: புதுப்பிக்க இயலாது. பெற்றவர்கள் வந்து பாய், புட்டி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். ஒரு தாய் அண்ணியின் முகத்துக்கு நேராகவே, "இத்தனை நாளா என் பிள்ளையைப் பாக்கவே இல்லையா நீங்க?" என்றாள். அண்ணி அந்தப் பிள்ளையின் மாற்றுத்துணியை மடித்துக் கொடுத்தாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

அன்று சாயங்காலம், "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"உன் பேரு அந்தப் பட்டியல்ல ஏறினா ஒரு காப்பகமும் உன்னைச் சேர்க்காது. உனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது நான் இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். நேரம் தவறாமல் மூச்சைப் பார்த்து, பார்த்த பிறகே எழுதுகிறேன். ஒழுங்கான ஆள் என்று அங்கே நல்ல பேர். ஆய்வாளரின் அலுவலகம் போகிற வழியில்தான் இருக்கிறது. உள்ளே போய் உண்மையைச் சொல்ல இன்றைக்கும் முடியும். நான் போகவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

போன வாரம் காய்ச்சலில் மதியம் படுத்திருந்தேன். மூக்குக்குக் கீழே ஏதோ பட்டு விழிப்பு வந்தது. இமை இடுக்கு வழியே பார்த்தேன். அண்ணி சுவரைப் பிடித்துக் குனிந்து, புறங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அழுகையை அடக்கி, அவள் கையில் சூடு படும்படி மூச்சை ஒழுங்காக விட்டேன். இரண்டரைக்கு மறுபடியும் வந்தாள்.