வெள்ளிக்கிழமை லைன்

சுகுணாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அந்த வாரம் முழுக்க அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

கோவில்பட்டியில் ஆறுமுகசாமி அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் கம்ப்யூட்டரும் கடிதங்களும் அவள் பொறுப்பு. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், குச்சி அடுக்கும் பழைய ஜெர்மன் மெஷினின் வயர்களை எலி கடித்துவைத்தது. எந்த வயர் எங்கே போகும் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. ஒன்பது நாளாக முப்பது பெண்களுக்கு வேலையில்லை. அவர்களில் ஒருத்தி சுகுணாவின் அக்கா ஆவுடைத்தாய்.

யூஸ்நெட் என்று ஒன்று உண்டு. பல தேசத்து ஆட்கள் கேள்வியும் பதிலுமாக எழுதிப்போடுகிற இடம். சுகுணா அங்கே கேட்டுவைத்தாள். யாரோ ஒரு புண்ணியவான் வயரிங் படத்தைப் பதினெட்டுத் துண்டாக்கிப் போட்டிருந்தான். நெட் கம்பெனியின் சர்வரில் அது மூன்று நாள்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை மூன்று மணியோடு அழிந்துவிடும்.

அண்ணாச்சி விளாத்திகுளம் போயிருந்த புதன்கிழமை, ராகுகாலத்தில், அவர் திரும்பி வருமுன் இருபது நிமிஷத்தில் ஐந்து துண்டு வந்தது. வியாழன் ராகுகாலத்தில் அவர் தொடவிடவில்லை; மற்ற நேரம் முழுக்க முயன்றும் ஒன்றுதான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரில் நெட் பார்க்கிறவர்களில் ராகுகாலத்துக்கு முன்னே முடித்துவிட ஒரு கூட்டம், முடிந்ததும் தொடங்க ஒரு கூட்டம். நடுவில் லைன் அனாதையாகக் கிடக்கிறது. அண்ணாச்சியோ வேகமில்லை என்று நெட்காரனைத் திட்டிவிட்டு, தேங்காய் உடைத்து, போன் லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கப் புது மோடம் மாட்டினார். நெரிசல் என்பது மற்றவர்கள்தான் என்று நெரிசலில் நிற்கிற ஒவ்வொருவரும் நம்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, ராகுகாலம் பிறந்ததும், அவள் போன் வயரை மோடத்தில் செருகினாள்.

"எடுத்துரு. பன்னெண்டுக்கு மேல பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

"பன்னெண்டுக்கு ஊரே பாக்கும்."

"ஏட்டி, ஆகாத நேரத்துல வாரது வெளங்குமா? எங்கய்யா காலத்துலருந்து இந்நேரத்துல இங்கருந்து ஒத்தத் தீப்பெட்டி வெளிய போனதில்ல."

"எலி நல்ல நேரம் பாத்தா கடிச்சது அண்ணாச்சி? முப்பது பேரு ஒம்பது நாளா கூலியில்லாம கிடக்காளுவளே, அதுக்கு எந்த நேரம் பாத்தீங்க?"

அவளை வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. என் கண் முன்னால் செய்யாதே என்று சொல்லிவிட்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றேகாலுக்குப் பதினெட்டாவது துண்டும் வந்துவிட்டது. அச்செடுத்த தாளோடு மெக்கானிக் சுடலைராஜ் மெஷினருகில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டுக்கு முன் திருப்புளியைத் தொடக்கூடாது என்பது டீக்கடையிலிருந்து வந்த உத்தரவு.

இரண்டு மணிக்கு மெஷின் ஓடியது. அண்ணாச்சி சூடம் காட்டினார்.

"பாத்தியா, நல்ல நேரத்துல கைவச்சதும் ஓடிருச்சு."

சுகுணாவுக்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறந்தால் அக்காவுக்கும் சேர்த்து வேலை போய்விடும். செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அக்காவை வேலைக்குக் கூட்டிவர வெயிலில் இறங்கி நடந்தாள்.