காலி இடத்திலிருந்து வந்த பதில்

அறுபதுகளின் நடுவில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஒரு வருஷம் என்னை ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் ஆக்கினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

"தமிழய்யாகிட்ட குடுங்க சார். அவர்தான் பிள்ளைங்களோட ஊர்க்கதை பேசுவார்" என்றேன்.

"முதல் பீரியட் உம்முடையது. வருகையும் நீர்தான் எடுக்கணும். பேசாம போம் ஓய்!" என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். தொடர்ந்து வராத பிள்ளையை வகுப்பாசிரியர் வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும். மழைக்காலத்தில் தாராவிச் சந்துகளில் முழங்கால் தண்ணீரில் நடக்க எனக்கு மனமில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டேன்: ஒருவர் வராவிட்டால் அந்த பெஞ்சே நாள் முழுக்க நிற்க வேண்டும். அதன்பின் வராதவர்களே இல்லை. நான் பதிவேட்டில் குனிந்தபடி வரிசை எண்ணைக் கூப்பிடுவேன், "உள்ளேன் ஐயா" என்று வரும், நிமிராமலே குறித்துக்கொள்வேன்.

மழையில் வகுப்பே இருண்டு கிடந்த ஒரு காலை, வருகை எடுத்து முடித்தபோது வாசலில் ஒரு மாணவியின் தாய் நனைந்து நின்றாள். மகளின் பேரைச் சொன்னாள்.

"எம் மவ பேரை அடிச்சிருங்க ஐயா. நேத்து போயிட்டா. வெறுங் காய்ச்சல்னுல்லா நெனச்சேன்."

"இப்போதுதானே பதில் சொன்னாள்!" என்றேன்.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "படுத்து ஒரு வாரத்துக்கு மேலாச்சே ஐயா. சார் வருவாவ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாவன்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா."

ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம்தான்.

உள்ளே திரும்பினேன். முதல்முறையாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி அவள் எண்ணைக் கூப்பிட்டேன். கடைசி பெஞ்சில் இருவருக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. மழைச் சத்தம். பிறகு, "உள்ளேன் ஐயா."

ஓர் உதடும் அசையவில்லை. தாய் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "ஏட்டி... எங்கட்டி இருக்க?"

தண்டனைக்குப் பயந்து பக்கத்துப் பிள்ளைகள்தான் அவளுக்காகச் சொல்லிவந்திருக்க வேண்டும். அவர்களை நான் கேட்கவில்லை. கேட்டு, "நாங்க இல்ல சார்" என்று சொல்லிவிட்டால்?

கணக்கு நடத்துகிறவரோ தமிழ் நடத்துகிறவரோ, வராத குழந்தையைத் தேடிப் போகிறவர்தான் வகுப்பாசிரியர். அந்த வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே இல்லை என்பதை இந்த வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.