மூணு பேண்டு ரேடியோ

கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு மாப்பிள்ளையைவிட ரேடியோவைப் பற்றித்தான் பரபரப்பு. காரைக்குடியில் எங்கள் வீட்டில் இருந்தது பழைய வால்வு ரேடியோ. அதை என் அப்பா, அப்பச்சியைத் தவிர யாரும் தொடக்கூடாது. செய்தி முடிந்து பாட்டு தொடங்கும் நேரம் பார்த்து அணைத்துவிடுவார். சீர் சாமான்களோடு புது மாடல் ரேடியோ ஒன்றும் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, இது எனக்கே எனக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடையில் அப்பச்சி நேராகப் போய் நின்றது மரப்பெட்டி போட்ட பெரிய கரண்டு ரேடியோவின் முன்னால். கல்யாணத்தன்று சீர் சாமான்களைப் பரப்பி வைத்தால் ஊரே வந்து பார்க்கும். எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வேண்டாமா? நானோ கொத்தமங்கலத்தில் வாழப்போகிற வீட்டைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். நடு முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. அறையில் விளக்கு உண்டு, பிளக் பாயிண்ட் கிடையாது. அந்த வீட்டில் ரேடியோவும் கிடையாது. பெரியதை வாங்கினால் அது முற்றத்தில்தான் குடியிருக்கும், மாமனார் கையில்.

"கரண்டா, பேட்டரியா? எது எடுக்குறீக?" என்றார் கடைக்காரர்.

"பேட்டரி" என்றேன், அப்பச்சி வாயைத் திறப்பதற்குள்.

"அதுலயும் ஒரு பேண்டு, ரெண்டு பேண்டு, மூணு பேண்டு இருக்கு."

"மூணு." சிலோன் ஸ்டேஷன் எடுக்க வேண்டுமே.

"சோத்து டப்பா கணக்கா இருக்கு. பரப்புனா யாரு கண்ணுல படும்?" என்றார் அப்பச்சி.

"என் கண்ணுல பட்டாப் போதும்."

கூட வந்திருந்த ஆத்தா என் கையைக் கிள்ளினாள். ஆனாலும் அதையே வாங்கினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொத்தமங்கலம் போன மறுநாள் மத்தியானம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைத் திருகினேன். வெறும் இரைச்சல். ஏரியலை முழுக்க இழுத்துவிட்டேன். மூன்று பேண்டிலும் அதே இரைச்சல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் சுவரைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"கோட்டை மாதிரிச் செவுரு. ஒரு சன்னலு கிடையாது. பாட்டு எங்குட்டு இருந்து வரும்?"

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டியிருந்ததை அப்போதுதான் நினைத்தேன். அந்தக் கம்பியில் காக்காய் உட்காருவதைத் தினமும் பார்த்தவள்தான் நான். கரண்டைப் பற்றி அத்தனை விசாரித்தவளுக்குச் சுவரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அறை வாசல்படிக்கு வந்தேன். லேசாக ஒரு குரல் கேட்டது. முற்றத்தில் இறங்கியதும் சிலோன் பாட்டு கணீரென்று எடுத்தது. நான் குதிக்காத குறை. சுற்றியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓரகத்திகள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்கள். மாமனார் சாய்வு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தத் தூணோரமா வையி ஆத்தா. இனிமே அங்குட்டே இருக்கட்டும்" என்றார். "செய்தி எப்ப வரும்?"