உள்மடிப்பு

முதல் கதை முடிந்ததும் அப்பாண்டை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒரே படத்துக்குள் நாலைந்து பேய்க்கதைகளை அடுக்கிய பழைய வெளிநாட்டுப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் நடுவில் வரும் கதைகள்மேல் நம்பிக்கை கிடையாது. கடைசிக் கதைக்குத்தான் கண்ணாடி மறுபடி ஏறும்.

“நல்லதா ஒண்ணத் தூக்கி மேல வெச்சிருப்பான். இன்னொண்ண அடியில வெச்சிருப்பான். உள்மடிப்புலதாம்பா இழை விட்டிருக்கும்.”

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், தறியிலிருந்து வரும் சேலைகளைப் பிரித்துப் பார்த்து எடுக்கும் வேலை அவருக்கு. முந்தானையை விரித்துக் காட்டினால் சந்தேகம் கூடும். நடுவில் கைவிட்டுப் பின்பக்கத்தைத் தடவுவார். தேறாத சேலையை ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பித் தந்துவிடுவார். சரிசெய்யக்கூடியது என்றால் மட்டும், இழை விட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நெய்தவரைக் கிட்டே கூப்பிடுவார். காய்கறிக் கடையிலும் அதே கைதான். கத்தரிக்காய்க் கூடையின் அடிவரை போய்விட்டு வரும்.

“பேயக்கூடப் பிரிச்சிப் பாத்துட்டுத்தான் பயப்படுவாரு” என்பாள் மனைவி திரிசலா.

திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படம்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஓடியது மகள் மதுமிதாவின் படம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு சேர்ந்து எடுத்தது. நாலு கதை, நாலு பேர். எது தன்னுடையது என்று அவள் சொல்லவில்லை.

“நீயே கண்டுபுடி, அப்பா. நல்லா இல்லன்னு சொல்லு, பழைய வேலைக்கே போய்டறேன்.”

அப்பாண்டைக்கு அங்கேயே உறுத்தியது. நல்ல சரக்கை யாராவது மறைப்பார்களா?

முதல் கதையில், இல்லாத மாடியில் போய் நின்றது ஒரு லிஃப்ட். திரிசலா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். அவர் மகளைத்தான் கவனித்தார். அவள் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தாள். இது அவளுடையதில்லை.

இரண்டாவது தொடங்கியது. பழக்கதோஷம், கண்ணாடி பைக்குள் போய்விட்டது. செத்துப்போன தையல்காரரின் அளவு நாடா தானாக ஊர்ந்து வந்தது. அதை இழுக்கும் கயிறு, கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

“ஐய, எவனோ கயிறு கட்டி இழுத்துக்கினு இருக்கறாம்மா!” திரிசலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதுமிதா சிரிக்கவில்லை. ஃபோன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் பார்வை திரையில் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

அப்பாண்டை ரிமோட்டை எடுத்தார்.

“ஓட்டி உடுங்க, அடுத்தது பாக்கலாம்” என்றாள் திரிசலா.

அவர் பின்னுக்கு ஓட்டினார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாடா ஊரத் தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, எழுந்து டிவிக்கு அருகில் போனார். கயிற்றின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, திரும்பாமலே, மற்றக் கையால் மகளைக் கிட்டே கூப்பிட்டார்.