ஃபின்லாந்து ஜெனரேட்டரின் தமிழ்க் கையேடு

பல ஊர்க்காரர்களும் இந்தியில் பேசிக்கொள்ளும் எங்கள் தீவில், கராச்சர்மாவில் வீட்டிலிருந்தபடியே இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். பக்கத்திலிருக்கும் டாலிகஞ்சில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு ஃபின்லாந்திலிருந்து பெரிய ஜெனரேட்டர் வந்தபோது, அதன் கையேட்டை இந்தியிலும் தமிழிலும் எழுதித் தரச் சொன்னார்கள். பாதி வேலையில், ஜெனரேட்டரை நிறுவிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் என்னை ஃபேக்டரிக்கு வரச் சொன்னார். ஆள் ராமநாதபுரத்துக்காரர்தான்.

“மேடம், தமிழை விட்டுருங்க. இங்க எல்லாருக்கும் ஹிந்தி தெரியும். பேகார்ல, வீணா எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. ஜெனரேட்டர் பக்கத்திலேயே கையேட்டை விரித்துக் காட்டினேன். முதலில் ஃபின்னிஷ், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம்.

“இந்த ஃபின்லாந்துக்காரங்ககிட்டயும் ஒரு காலத்துல இப்படித்தான் சொன்னாங்க. ஆபீஸ், கோர்ட்டு, காலேஜ் எல்லாம் ஸ்வீடிஷ். ஃபின்னிஷ் குடியானவங்க வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். அவங்க விடல. இன்னைக்கு மெஷினும் செய்யுறாங்க, அதைப் பத்தித் அவங்க மொழியிலயே எழுதவும் செய்யுறாங்க.”

“அது வெளிநாடு மேடம்” என்று சிரித்தபடி, சற்று முன்புதான் நிறுத்தியிருந்த ஜெனரேட்டர் மேல் சாவகாசமாகக் கையை ஊன்றினார். கை புகைக்குழாயில் பட்டுவிட்டது.

“ஐயோ அம்மா, சுடுதே!”

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். நல்லவேளை, பெரிய காயமில்லை. அதற்காக நான் விட்டுவிடவில்லை.

“இப்ப எந்த மொழியில கத்துனீங்க?”

வீட்டுக்கு வந்து வேலையை முடித்து அனுப்பினேன். சூடான குழாயைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையை முதல் பக்கத்திலேயே போட்டேன். தமிழில், இந்திக்கு மேலே.