நீளமான கால் எந்தப் பக்கம்?

செய்முறைத் தாள் எழுதுகிறவனை யாரும் நினைப்பதில்லை, ஏதாவது புகைகிறவரை.

புதிதாக வாங்கிய சாமானோடு வந்த தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கடைசியில் அதை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தவர்கள் உங்களில் இருப்பார்கள். உங்கள் வயிற்றெரிச்சலுக்கு நானும் ஒரு காரணம். பல வருடம் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்தேன். புள்ளிகளை இணை, வழி கண்டுபிடி, காகிதத்தில் தவளை செய் எல்லாம் என் கைவேலை. பத்திரிகை நின்றதும் திருத்தங்கலில் எமர்ஜென்சி லைட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மின்வெட்டு காலம், ஆர்டருக்குக் குறைவில்லை. தவளை செய்யச் சொல்லிக் கொடுத்தவருக்கு லைட் செய்யச் சொல்லிக் கொடுக்க வராதா என்பது முதலாளி அண்ணாச்சியின் கணக்கு.

மாமாவும் மிட்டாயும்

லைட்டுக்குள் இருக்கும் போர்டில் சின்னச் சின்ன உறுப்புகளைச் சொருகி ஈயம் உருக்கி வைத்து ஒட்டுவது பெண்களின் வேலை. பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியிலிருந்தும் மீதிப் பேர் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்தும் வந்தவர்கள். நான் சேர்ந்த அதே வாரம் எம். புதுப்பட்டியிலிருந்து முத்துமாரி வந்து சேர்ந்தாள். அதற்கு முன் பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை. ஒரு நாள் பக்கத்து ஷெட் வெடித்தது. மறுநாளிலிருந்து அவள் அங்கே போகவில்லை. இனிமேலும் போவதில்லை என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். அண்ணாச்சியோ மூன்று மாதம் பார்ப்பேன், உன் மேசையிலிருந்து போர்டு பழுதாகித் திரும்பிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்.

அவள் மேசைக்குத்தான் என் முதல் தாள் போனது. சிறுவர் பக்கத்துப் பழக்கம் விடுமா? கண்டன்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும் பொருள். அதை மிட்டாயைச் சட்டைப் பையில் பதுக்கி வைத்து, கேட்கும்போது கொடுக்கிற ஒரு மாமாவாக எழுதியிருந்தேன். நான்கு பக்கம். மாமாவுக்கு மீசை வைத்துப் படமும் உண்டு. முத்துமாரி வேலையை நிறுத்திவிட்டு ஒரு வரி விடாமல் படித்தாள், இரண்டு இடத்தில் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படித்து முடித்து ஒரு கண்டன்சரை விரலில் தூக்கிப் பிடித்தாள்.

“கதை நல்லாருக்கு சார். இப்ப இந்த மாமாவ எந்த ஓட்டையில சொருகணும்?”

பழுப்புக்கு வந்த அழகு

மாமாவை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, படமும் எண்ணுமாக ஒரே பக்கத்தில் புதுத் தாள் போட்டேன். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் அரிசியை விடக் கொஞ்சம் பெரியது. அதன் மேல் வரும் வண்ண வளையங்களை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்று வந்தால் ஒன்று. சிவப்பு, கருப்பு, சிவப்பு என்று வந்தால் வேறு. அதனால் படத்தை வண்ணத்தில் அச்சடிக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சியின் தம்பி நடத்தும் பிரஸ்ஸில் கொடுத்தோம்.

தாள் வந்த வாரம் முத்துமாரி செய்த லைட் எல்லாம் மங்கலாக எரிந்தன. அகல் விளக்கு செய்யவா உன்னை எடுத்தேன் என்று அண்ணாச்சி கேட்டார். அவள் தாளையும் ரெசிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். படத்தில் இருப்பது போலவே பார்த்துத்தான் எடுத்திருந்தாள். படத்தில்தான் பழுப்பு வளையம் சிவப்பாக இருந்தது. இந்த ஒரு தடவை போகட்டும் என்று அண்ணாச்சி விட்டுவிட்டார்.

தாளைத் தூக்கிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். மெஷின்மேன் இருபது வருடமாகப் பட்டாசு லேபிள் அடிக்கிறவர். தாளை வெளிச்சத்தில் பிடித்து ரசித்துப் பார்த்தார்.

“நான்தான் சார் கொஞ்சம் செவப்பு ஏத்திவிட்டேன். லேபிள்ல இப்படி அழுக்குக் கலரா அடிச்சா எவன் வாங்குவான்?”

ஓடியவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும்

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. கண்டன்சரில் இன்னொரு வகை உண்டு, முத்துமாரி மேசைக்கு அது அப்போதுதான் வந்தது. சின்ன டப்பா மாதிரி இருக்கும், அடியில் இரண்டு கால். தலைகீழாக, அதாவது கால் மாற்றி மாட்டி மின்சாரம் கொடுத்தால் உப்பி வெடித்துவிடும். பெரிய ஆபத்தில்லை, ஊசிப் பட்டாசு அளவுக்குச் சத்தம்தான்.

அன்று காலை சோதனை மேசையில் ஒரு போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் ‘டப்’ என்றது. பிரஸ் வேலையிலிருந்து வந்த பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாசு வேலையிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட உள்ளே இல்லை. செருப்பைக்கூடத் தேடாமல் ரோட்டோரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் அவர்களைக் கூப்பிடப் போனபோது முத்துமாரி ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே வந்து மற்ற போர்டுகளையும் சோதித்தார்கள். மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு வெடித்தன. ஐந்தும் முத்துமாரி மேசைப் போர்டுகள். சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அத்தோடு விட்டாரா?

“ஏம்மா, பட்டாச விட்டுட்டு வந்தேன்னு சொன்ன. கையோட கொண்டாந்துட்டியே?”

எழுதாமல் விட்டது

தாளை எடுத்துப் பார்த்தேன். ‘நீளமான காலைக் கூட்டல் குறி போட்ட ஓட்டையில் சொருகவும்.’ இந்த வகைக் கண்டன்சரில் ஒரு கால் நீளமாகத்தான் வரும். வரியில் ஒரு பிழை இல்லை. தப்பு என் பேரில் இல்லை என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

சரி, செய் பார்க்கலாம் என்று அவள் எதிரில் உட்கார்ந்தேன். பத்துக் கண்டன்சரை அள்ளினாள். கால்களை மேசையில் தட்டி ஒன்றாகச் சேர்த்தாள். கட்டரை எடுத்து ‘நறுக்’. இருபது காலும் ஒரே அளவு. பட்டாசுத் திரிக் கட்டுகளை இப்படித்தான் தட்டி ஒட்ட நறுக்குவார்களாம். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் போர்மேன் வைவாராம். நறுக்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு காலில் எது ஒரு நூல் நீளம் என்று பார்த்துப் பார்த்து, என் வரிப்படியே கூட்டல் குறியில் சொருகினாள். பாதி சரியாக அமைந்தது, பாதி தலைகீழ். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

“நறுக்கக் கூடாதுன்னு நீங்க எழுதலையே சார்.”

அண்ணாச்சியின் கை

அண்ணாச்சியிடம் போய், குற்றம் தாளில்தான், அவளிடம் இல்லை என்றேன். எழுதியது சரியாகத்தானே இருக்கிறது, அந்தப் பிள்ளைக்காகப் பேசாதீர்கள் என்றார். நான் வாதாடவில்லை. தாளையும் பத்துக் கண்டன்சரையும் அவர் முன்னால் வைத்து, நீங்களே ஒரு தடவை மாட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் வீட்டுத் தொழில் ஆரம்பத்தில் பட்டாசுதான், சின்ன வயதில் அவரும் திரி நறுக்கியவர் என்பது எனக்குத் தெரியும்.

தாளைச் சத்தமாக ஒரு முறை வாசித்தார். இதில் என்ன கஷ்டம் என்றார். பத்தையும் அள்ளினார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். இடது கை சமமாக்கிப் பிடித்திருக்க, வலது கை கட்டரைத் தேடிப் போனது. கட்டர் கைக்கு அகப்பட்டதும்தான் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற முத்துமாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அண்ணாச்சி கண்டன்சர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

“சனிக்கிழமையோட நிக்கச் சொன்னத மறந்துரு தாயி. சார், மொதல்ல அந்தத் தாள மாத்துங்க.”

வெள்ளைக் கோடு

புதுத் தாளை முத்துமாரி சொல்லச் சொல்ல எழுதினேன். ‘காலை நறுக்காதே. சொருகு. ஈயம் வை. அப்புறம் நறுக்கு.’ எழுதி முடித்ததும் ஒரு கண்டன்சரை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், உடம்பில் ஒரு பக்கமாக வெள்ளைக் கோடு ஓடுகிறதே, அது எதற்கு என்று கேட்டாள். கோடு இருக்கும் பக்கத்துக் கால்தான் கழித்தல், காலை எவ்வளவு நறுக்கினாலும் கோட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“இம்புட்டு நாளா அத மனசுக்குள்ளயா வச்சிருந்தீக?”

அவளுக்கு வேலை நிரந்தரமானது, ஒரு வருடம் கழித்து அச்சங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவள் தங்கச்சியும் வந்து சேர்ந்தாள், எந்தப் புதுத் தாளும் முத்துமாரி மேசைக்குப் போய் வராமல் பிரஸ்ஸுக்குப் போவதில்லை. என்றாலும் சிறுவர் பக்கத்திலும் இங்கேயும் அத்தனை வருடம் எழுதிய என் வரிகளில், படித்தவர்கள் எல்லாரும் அப்படியே கேட்டு நடந்தது ‘காலை நறுக்காதே’ ஒன்றுதான், அதுவும் நான் சொன்னதில்லை.