ராமகுப்பத்தில் இப்போது எத்தனை டிகிரி?

ஜெர்மனியின் பிரேமன் நகரில் காலையில் எழுந்ததும் எல்லாரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறார்கள். நான் போனை எடுத்து, ஆந்திரத்தில் இருக்கும் என் ஊர் ராமகுப்பத்தில் எத்தனை டிகிரி என்று பார்க்கிறேன். அதுவும் ஊரின் சூடு அல்ல, என் அக்காவின் பட்டுப்புழுக் கொட்டகையின் சூடு. ஐந்து டிகிரிக் குளிரில் பேருந்துக்கு நிற்கும் நான், அங்கே இருபத்தாறு என்று கண்டதும் தனியாகச் சிரிக்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

அந்தக் கொட்டகைதான் என்னைத் திருப்பதியில் என்ஜினியரிங் படிக்க வைத்தது. நான் ஹாஸ்டலில் அரட்டையடித்துத் திரிந்த வருஷங்களில் அக்கா மல்பெரி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். புழு வளரும் வீட்டை விட்டு நகர முடியாது. சூடு ஏறினாலும் போச்சு, ஈரம் ஏறினாலும் போச்சு. சொந்தக்காரர் கல்யாணமா, கோயில் திருவிழாவா, எதற்கும் அவளிடம் "புழு இருக்குது" என்ற ஒரே பதில்தான். ரேணிகுண்டாவில் என்னை விமானம் ஏற்றிவிடக்கூட அவள் வரவில்லை.

அதனால்தான் போன முறை ஊருக்குப் போனபோது கொட்டகையில் ஒரு சென்சாரையும் பழைய போன் ஒன்றையும் மாட்டினேன். சூட்டை அளந்து, எங்கோ இருக்கும் கிளவுட் டேட்டாபேஸில் எழுத வேண்டும். பிரேமனில் நான் அதைப் படிக்க வேண்டும். இடையில் இருக்கும் தலைவலியையெல்லாம் ஒரு கிளையன்ட் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு அது. எழுது என்றால் எழுதும், மாறினால் சொல் என்றால் சொல்லும். நெட் போய்விட்டால் அளவுகளைப் போனிலேயே சேர்த்துவைத்து, நெட் வந்ததும் அனுப்பும். அதை எழுதிய முகம் தெரியாத புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரி உல்ரிக்கே. எந்நேரமும் போனையே பார்க்கிறாயே என்று ஒருநாள் கேட்டாள். சின்னதுகள் தூங்குகின்றன, சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று என் அரைகுறை ஜெர்மனில் சொல்லிவைத்தேன். மறுவாரம் இரண்டு குட்டிக் கம்பளித் தொப்பிகளைக் கொண்டுவந்து நீட்டினாள். பாவம், குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் என்று நினைத்துவிட்டாள். புழு என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் எத்தனை டிகிரி என்று கேட்காமல் இருக்கமாட்டாள்.

ஏப்ரலில் சித்தூரில் சித்தி மகளுக்குக் கல்யாணம். புழு ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்பும் இலை தின்னாமல் ஒருநாள் போலத் தூங்கும். அக்கா வெளியே போவதென்றால் அன்றுதான் முடியும். கல்யாணமும் அப்படி ஒரு நாளில் அமைந்தது. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"அங்க குந்திக்கினு என் புழுவ நீ பாப்பியா?" என்று சிரித்தாள். ஆனால் போனாள். பட்டுப்புடவையில் அவள் நிற்கும் படம் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று காலை இருபத்தாறு. மதியம் சாப்பிடும்போதும் இருபத்தாறு. உல்ரிக்கேயிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காலையிலும் அதைத்தானே சொன்னாய்? அங்கே வெயில் ஏறவில்லையா?"

போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண்ணைக் காட்டச் சொன்ன நான், அது எந்நேரத்து எண் என்று காட்டச் சொல்லவில்லை. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், கடைசி அளவு காலையில் வந்தது. அங்கே கரண்ட் போயிருக்கிறது. மோடமும் அணைந்துவிட்டது, கொட்டகையின் மின்விசிறிகளும் நின்றுவிட்டன. பேட்டரியில் ஓடும் பழைய போனில் லைப்ரரி பாட்டுக்கு அளவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்க, நான் பழைய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "போன வெய்யிடா" என்றாள், அவ்வளவுதான். பக்கத்துக் கொல்லை முனிரத்னம் அண்ணனைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொல்லியிருக்கிறாள். அவர் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்ததும், குடம் குடமாகக் கூரைமேல் தண்ணீர் ஊற்றியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது என் கையில் இருந்தது அந்தப் பாழாய்ப்போன இருபத்தாறு மட்டும்.

அங்கே கரண்ட் வந்ததும், சேர்ந்திருந்த அளவுகள் வரிசையாக என் திரையில் ஓடின. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. பிறகு முப்பத்துமூன்று. முப்பத்தொன்று. ஜன்னல்கள் திறந்த நேரம் அது. உல்ரிக்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் புழு செத்தது, மற்றதெல்லாம் பிழைத்துக் கூடு கட்டியது. முனிரத்னம் அண்ணனுக்கும் உல்ரிக்கேக்கும் நான் எப்படி நன்றி சொல்ல? இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இனி அக்கா வாசலைத் தாண்டமாட்டாள் என்று பயந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் காட்டவைத்தேன். அளவு பழசானால் போன் அலறும். அது போதும், இனியும் வெளியே போவேன் என்றாள் அக்கா. ஆனால் ஒரு நிபந்தனை.

"நீ எங்களப் பாத்துக்கினு கீற. உன்ன யாரு பாக்கறது?"

என் அறையிலும் ஒரு சென்சார் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். இப்போது அந்த டேட்டாபேஸில் ராமகுப்பத்துக்குக் கீழே பிரேமனும் இருக்கிறது, அக்காவின் போனிலும் தெரியும். நேற்று காலை போன் அடித்தது.

"பதினாறுன்னு காட்டுது. இந்தக் குளுர்ல என் புழுவே எல துன்னாது, நீ என்னாத்தத் துன்னுவ? ஹீட்டரப் போடு."

போட்டேன். அக்கா போனை வைக்கவில்லை. நான் பிரேமனில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, என் அறையில் இப்போது எத்தனை டிகிரி என்று ராமகுப்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.